புதிதாக வந்த ஹோம் தியேட்டர் ரிசீவரை உடனே வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: 2017ல் வாங்கிய 95 வாட் 7.2 ரிசீவர் (படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி, 7.2 என்றால் ஏழு ஸ்பீக்கரும், அடித்தொனிக்கான சப்-வூஃபர் இரண்டும் மாட்டலாம்), அதில் மாட்டியிருப்பது 5.1 ஸ்பீக்கர்கள் மட்டும், 55 அங்குல 4கே டிவி (60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம்), பார்ப்பது பெரும்பாலும் ஓடிடி, பையன் கேம் கன்சோல் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதே கம்பெனியின் 105 வாட் புது மாடல் போன மாதம் வந்திருக்கிறது, கையில் ஒன்றரை லட்சம் தயார். இதை வைத்துச் சொன்னால் என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழையது பழுதாகாமல் ஓடுகிறது என்றால் குறைந்தது ஆறு மாதமாவது பொறுங்கள்.

நான் இதில் சூடு பட்ட பூனை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2014 கடைசியில், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவர்களில் வர ஆரம்பித்தது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்கும் என்றார்கள், டெமோ அறையில் பறக்கவும் செய்தது, எனக்குக் கை கால் ஓடவில்லை. வந்த முதல் மாதத்திலேயே ஒன்றை வாங்கினேன், பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், அப்போது பல கம்பெனிகளின் பெட்டிகள் அதே கதைதான். மூன்று வருடம் கழித்து 4கே டிவியும் ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியும் வாங்கி ரிசீவர் வழியாக இணைத்தால் படம் 4கேயிலிருந்து சாதாரண எச்டிக்கு (1080) இறங்கிவிட்டது. என்ன விஷயம் என்றால், 4கே படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்க எச்டிசிபி 2.2 என்று ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும், என் ரிசீவரில் 4கே படத்தைச் சுமக்கும் எச்டிஎம்ஐ 2.0 இருந்தது, சாவி இல்லை. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுசு போட்டுச் சரிசெய்ய முடியாது, சிப்பையே மாற்றினால்தான் உண்டு. கடைசியில் படத்தை நேராக டிவிக்குக் கொடுத்து, சத்தத்தை மட்டும் ஏஆர்சி (டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ கேபிளிலேயே திரும்பி வரும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பி ஓட்டினேன். ஓடியது, ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இது ஏதோ ஒரு முறை நடந்த விபத்து இல்லை. 2020லும் இதே கூத்து. டெனான், மராண்ட்ஸ், யமஹா மூன்று பேரும் எச்டிஎம்ஐ 2.1 உள்ள 8கே ரிசீவர்களை இறக்கினார்கள். கொஞ்ச நாளில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கன்சோலும் என்விடியாவின் 30 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளும் வந்தன. அந்த ரிசீவர்கள் வழியாக 4கே 120 ஹெர்ட்ஸ் கொடுத்தால் திரை கறுப்பு. உள்ளே இருந்த எச்டிஎம்ஐ சிப்பில்தான் கோளாறு என்று அந்த அக்டோபரில் ஜெர்மனியின் ஹைசே தளம் வெளியே கொண்டுவந்தது. இதுவும் ஃபர்ம்வேருக்கு அடங்காத கோளாறு. டெனான், மராண்ட்ஸ் வாங்கியவர்களுக்கு 2021ல் தனியாக ஒரு அடாப்டர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள், யமஹா போர்டையே மாற்றித் தருவதாகச் சொன்னது. பொறுப்போடு நடந்துகொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், முழுப் பணம் கொடுத்து வாங்கியவர்கள்தான் அந்தப் பெட்டியைச் சோதித்துக் கொடுத்தவர்கள், அதுவும் சம்பளம் இல்லாமல்.

இன்னொரு வகையும் உண்டு, கோளாறு இல்லை, வாக்குறுதி. 2022ல் வந்த டெனான் எக்ஸ்3800எச் உண்மையிலேயே நல்ல பெட்டி. ஒன்பது ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி, ஸ்பீக்கருக்கு ஒன்று), நான்கு சப்-வூஃபர்களைத் தனித்தனியாக அளந்து சரிசெய்யும் வசதி, ஆறு எச்டிஎம்ஐ உள்ளீடுகளுமே 8கே. டிராக் லைவ் என்ற அறைத் திருத்த மென்பொருளும் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது வந்து சேர்ந்தது 2023ல், அதற்கும் தனியாகக் காசு. வரும் என்பதை நம்பி வாங்காமல், இன்று பெட்டியில் இருப்பதற்கு மட்டும் விலை போட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம்.

புது மாடல் 105 வாட், உங்களுடையது 95 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து வாட்டுக்குக் கிடைப்பது அரை டெசிபல்கூட இல்லை, காதுக்குத் தெரியவே தெரியாது. வாட்டை இரட்டிப்பாக்கினால்தான் 3 டெசிபல் ஏறும். சத்தம் இரண்டு மடங்கு என்று காது ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் கொடுக்கும், நாம் இருவர் பேசிக்கொள்வது 60 சொச்சம்தான். அதாவது ஹாலில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் நீங்கள் ஒன்றிரண்டு வாட்டில்தான் இருக்கிறீர்கள். இன்னொன்று, சில பெட்டிகளில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கு ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், சத்தம் பிசிறடிக்கும் வரை தள்ளி எடுத்தது. 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஓடிடி விஷயத்திலும் புதுப்பெட்டி உங்களுக்கு ஒன்றும் கூடுதலாகச் செய்யப்போவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் வருகிறது, அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். பழைய ஏஆர்சியே அதைத் தாராளமாகச் சுமக்கும். அதன் புது வடிவமான இஏஆர்சி தேவைப்படுவது ப்ளூ-ரே தட்டில் வரும் ட்ரூஎச்டி போன்ற பெரிய சுமைக்கு. தட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அது வேறு பேச்சு.

அப்புறம் பையனின் கன்சோல். புது ரிசீவரில் உண்மையான காரணம் என்று ஒன்று இருந்தால் இதுதான். ஆனால் உங்கள் டிவியே 60 ஹெர்ட்ஸ் என்கிறீர்கள். ரிசீவர் 120 கொடுத்தால் அதை எங்கே காட்டுவீர்கள்? முதலில் மாற வேண்டியது டிவி. நாளைக்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினாலும் கன்சோலை நேராக டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்பலாம். அந்த 2014 பெட்டியோடு தப்பிக்க நான் செய்த அதே வழிதான், இப்போது அதையே ஊரெல்லாம் முறையாகச் செய்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது எங்கே என்றால், உங்கள் பெட்டி 7.2. 2017ல் வாங்கியது என்றால் பெரும்பாலும் அட்மாஸும் இருக்கும். இரண்டு ஆம்ப் இத்தனை வருடமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது! மேலே இரண்டு ஸ்பீக்கர் மாட்டினால் 5.1.2 ஆகிவிடும். வாடகை வீடு, துளை போடக் கூடாது என்றால் மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் இருக்கிறது. அதற்கு நம் ஊர் மொட்டைக் கான்கிரீட் தளம், பத்தடி உயரம், ரொம்பப் பொருத்தம். விளக்கெல்லாம் வைத்துப் படிப்படியாக இறக்கிய ஃபால்ஸ் சீலிங்தான் ஒலியைக் கண்ட பக்கம் சிதறடிக்கும்.

அதற்கும் முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது, ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அறையை மறுபடி அளப்பது. வாங்கிய அன்று அவசரமாக ஒரு தடவை செய்திருப்பீர்கள், பிறகு சோபா இடம் மாறியிருக்கும், அலமாரி வந்திருக்கும். நான் போன மே மாதம் செய்தேன். ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சத்தம் அதிகம் என்று அதுவே நின்றுவிடும். மதுரை வெயில், ஜன்னலெல்லாம் சாத்தி, அட்டை ஸ்டாண்டில் மைக்கை நிறுத்தி, வியர்த்து வடிய மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கிறேன், 'டுவூப் டுவூப்' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கத்தி வருகிறது, மைக்கை எட்டு இடங்களில் வைத்து அளக்க வேண்டும், நான்காவது இடத்தில் குக்கர் விசில். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை தெருவில் கோலமாவு வண்டி, ஒலிபெருக்கியோடு. "ஏங்க, இன்னைக்கு சமைக்கணுமா வேண்டாமா?" என்று அடுப்படியிலிருந்து கேள்வி. கடைசியில் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் எட்டு இடமும் முடிந்தது. முடிந்ததும் திரையில் பின்பக்க இடது ஸ்பீக்கருக்கு ஃபேஸ் பிழை என்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறி இருக்கிறது. வெள்ளையடித்தபோது கழற்றி மாட்டியது, இரண்டு வருடம்! அந்த இரண்டு வருடமும் பின்னாலிருந்து சத்தம் சரியாக வரவில்லை, ரிசீவருக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அளந்து முடித்ததும் இன்னொன்றைப் பாருங்கள். சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைக்கூட ரிசீவர் சில சமயம் 'லார்ஜ்' என்று எழுதிவிடும், அடித்தொனி முழுவதும் சப்-வூஃபருக்குப் போகாமல் அந்தக் குட்டி ஸ்பீக்கரில் போய் முட்டும். 'ஸ்மால்' என்று மாற்றி 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள், அதற்குக் கீழே உள்ள தொனி சப்-வூஃபருக்குப் போகும். டைல்ஸ் தரை எதிரொலித்தால் சோபாவுக்கு முன்னால் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள், 'ஸ்ஸ்' என்ற கூர்மை கொஞ்சம் அடங்கும், அடித்தொனியை அது ஒன்றும் செய்யாது.

இதெல்லாம் செய்தும் புதுசுதான் வேண்டும் என்று மனது கேட்டால், நான் தடுக்கப்போவதில்லை, ஆசை என்று ஒன்று இருக்கிறதே. அப்போது இரண்டு விஷயம். புது மாடல் வந்தவுடன் முந்தின மாடலைக் கடைக்காரர்கள் தள்ளப் பார்ப்பார்கள், முதலில் அதன் விலையைக் கேளுங்கள். அந்த வயதுக்குள் அதன் கோளாறெல்லாம் ஊருக்குத் தெரிந்திருக்கும், ஃபர்ம்வேர் நாலைந்து வந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தருகிறார் என்று இறங்காதீர்கள், அங்கத்திய பெட்டி 120 வோல்ட். நம் 230ல் நேராகச் செருகினால் கதை முடிந்தது, கன ரக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கூடவே வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும், இங்கே வாரண்டியும் பேசமாட்டார்கள்.

வாரண்டியை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், என் இரண்டாவது ரிசீவர் போனது ஒரு ஐப்பசி மழையில், இடியில், டிடிஎச் பெட்டியின் கேபிள் வழியாக. ஆம்ப் நன்றாக இருந்தது, எச்டிஎம்ஐ போர்டு மட்டும் காலி. சர்வீஸ் சென்டரில் போர்டு வர இரண்டரை மாதம் ஆனது, வாரண்டிக்குள் இருந்ததால் வாதாட முடிந்தது. இப்போது வானம் கறுத்தால் முதலில் டிடிஎச் ஒயரைப் பிடுங்குகிறேன். மூடிய டிவி அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும், நம் ஊர் சூட்டில் உள்ளே புழுங்கித்தான் பாதிப் பெட்டிகள் சாகின்றன.

கடைக்குப் போகும்போது டெமோவில் அவர்கள் போடும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டி, உங்கள் எச்டிஎம்ஐ கேபிள், அதற்குள் கன்சோல் வாங்கியிருந்தால் அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நான் போன வருடம் ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் அப்படித்தான் கொண்டுபோனேன், கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான், பிறகு அவனே ஆர்வமாகி ஒவ்வொரு போர்ட்டாக மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினான். மூன்றாவது போர்ட்டில் படம் விட்டு விட்டு வந்தது. "சார், புது மாடல், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்றான். ஆகட்டும், பிறகு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.