கடைசி நூறு மீட்டர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பர் 18 அன்று டோக்கியோவில் நடந்த உலக தடகளப் போட்டி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பெண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தைச் சொல்லும்போது, “மழை ஈரத்திலும் மெக்லாஃப்லினும் பவுலினோவும் கடைசி நூறு மீட்டரில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் பள்ளி அணியில் 400 ஓடுகிறாள். அவளுக்கு இதை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். “கடைசி நூறுல யாருக்கும்மா வேகம் கூடும்? உசுரோட வந்து சேந்தாலே பெரிசு” என்றாள். அந்த ஓட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கென்னவோ வேகம் கூடுவதுபோலத்தான் தெரிகிறது. யார் சொல்வது சரி?

இன்னொரு கேள்வி. பெண்கள் 400 மீட்டரில் 40 வருடமாக அசையாமல் இருக்கும் அந்தப் பழைய உலக சாதனையைப் பற்றி இத்தனை ஊக்கமருந்துச் சந்தேகம் இருக்கும்போது ஏன் இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நான் எழுதியது தப்பு. தெரியாமல் செய்த தப்பு என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்த விஷயத்தையே, பார்த்த பரபரப்பில் கண் சொன்னபடி எழுதிவிட்டேன். அந்த வரியைத் திருத்தப்போவதில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்ந்து அதுவும் அங்கேயே கிடக்கட்டும்.

நீங்கள் கேட்ட அந்தப் பழைய சாதனையையே எடுத்துக்கொள்வோம். 1985 அக்டோபர் 6, கான்பெரா. கிழக்கு ஜெர்மனியின் மரீட்டா கோஹ் 47.60 நொடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை நூறு நூறு மீட்டராக வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 11.3, 11.1, 11.7, 13.5 என்று வரும். கடைசி எண்ணைப் பாருங்கள். இன்றுவரை எந்தப் பெண்ணும் தாண்டாத ஓட்டத்தில், கடைசி நூறு மீட்டருக்குப் பதின்மூன்றரை நொடி! இரண்டாவது நூறில் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் போனவருக்குக் கடைசி நூறில் சராசரி 27கூட இல்லை. முதல் நூறு நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால்தான் இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்; மற்றபடி 400 மீட்டரில் உச்ச வேகம் முதல் நூறு மீட்டருக்குள்ளேயே, ஐம்பதைத் தாண்டியதும் வந்துவிடும். அதற்கப்புறம் இறக்கம்தான். யார் எவ்வளவு குறைவாக இறங்குகிறார் என்பதில்தான் பதக்கம்.

அப்படியானால் ஆரம்பத்திலேயே அடக்கி வாசித்து, கடைசிக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தால் என்ன? எல்லோரும் கேட்கும் கேள்விதான். முதல் சில நொடிகளுக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் எரிகிறது. அதைச் செலவழிக்காமல் கடைசிவரை பத்திரப்படுத்தினால் லாபம் ஒன்றும் இல்லை. பிறகு ஆக்சிஜன் போதாமலே சர்க்கரையை உடைத்து ஓட வேண்டும். ஆக்சிஜன் வழியும் கூடவே வேலை செய்கிறது, ஆனால் அது சூடுபிடிப்பதற்குள் பாதித் தூரம் போய்விடும். தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, பாஸ்பேட் தேங்குகிறது, கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ‘லாக்டிக் அமிலம்’ என்று பழியை மொத்தமாக ஒன்றின் தலையில் போடுவது வழக்கம். விஷயம் அவ்வளவு எளிதில்லை. எப்படியோ, முன்பாதியில் சேமித்ததைப் பின்பாதியில் அப்படியே திரும்ப எடுக்க முடியாது. அதனால் மிகச் சிறந்தவர்களும் முதல் 200ஐ இரண்டாவது 200ஐவிட வேகமாகவே ஓடுகிறார்கள்.

இனி உங்கள் கண்ணுக்கு வருவோம். உங்கள் கண்ணும் என் கண்ணும் ஏமாந்த இடம் ஒன்றுதான்.

400 முழுக்க அவரவர் தடத்திலேயே ஓட வேண்டும். வெளித்தடம் நீளம் அதிகம் என்பதால் அங்கே நிற்பவரை முன்னே தள்ளி நிறுத்துகிறார்கள். முதல் தடத்தில் இருப்பவருக்கு எட்டாம் தடக்காரர் ஏறத்தாழ 53 மீட்டர் முன்னால் நிற்பார். இந்த முன்னிலை ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இரண்டாவது வளைவு முடியும்போதுதான் முழுசாகத் தீரும். அதுவரை யார் முதலிடம், யார் மூன்றாமிடம் என்று வெறுங்கண்ணால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வருடக்கணக்காகப் பார்ப்பவர்களே தடுமாறுவார்கள். ஆக, உண்மையான வரிசை நமக்கு முதன்முதலாகத் தெரியும் இடமும், எல்லோருக்கும் தம் தீரும் இடமும் ஒன்று. அதுவரை கூட்டத்தில் ஒருவராகத் தெரிந்தவர் திடீரென்று முன்னே நிற்கிறார். மற்றவர்கள் வேகமாகக் குறைய, இவர் மெதுவாகக் குறைகிறார். போதாததற்கு நேர்பாதையில் கேமராவும் அவர்கள் கூடவே ஓடுகிறது. நிலையான எதையும் வைத்து அளக்க வழியில்லை. இடைவெளி மட்டும் அகலுகிறது. நாம் பாய்ச்சல் என்கிறோம்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் நேர்பாதைக்குள் வந்தபோது ஜமைக்காவின் லொரேன் கிரஹாமைப் பிடிக்க வேண்டிய நிலையில்தான் இருந்தார். அப்புறம் விலகிக்கொண்டே போய் 49.11இல் முடித்தார். கிரஹாமுக்கு 49.58. கிட்டத்தட்ட அரை நொடி. அதைப் பார்த்தவர்களிடம் ஃப்ரீமனின் வேகம் குறைந்துகொண்டிருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் குறைந்துகொண்டுதான் இருந்தது. முடித்ததும் அவர் கொண்டாடவில்லை. தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். 2018இல் தாம்பெரேயில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஹிமா தாஸ் 51.46இல் வென்ற வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நான்காவதாகத் தெரிந்த பெண் எங்கிருந்தோ பறந்து வந்த மாதிரி இருக்கும். அதுவும் இதே கதைதான். ஹிமாவின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லோர் காலும் கட்டிப்போகும் இடத்தில் தன் காலை மட்டும் அசைய வைத்துக்கொண்டிருப்பது, புதிதாக வேகமெடுப்பதைவிடக் கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு கொஞ்சம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 லண்டன் உலகப் போட்டி இருக்கிறது. பஹாமாஸின் ஷோனே மில்லர்-உய்போ முன்னிலையில் வருகிறார். முடிவுக்கோடு கண்ணெதிரே. கால் இடறியது. ஒருவர் பின் ஒருவராக மூவர் தாண்டிப் போனார்கள். அவருக்கு நான்காமிடம், தங்கம் ஃபிலிஸ் ஃபிரான்சிஸுக்கு. இதே மில்லர்தான் அதற்கு முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கோட்டின் மேல் தலைகுப்புற விழுந்து, 49.44க்கு 49.51 என்று அலிசன் ஃபெலிக்ஸைத் தோற்கடித்தவர். விழுந்தாரா, பாய்ந்தாரா என்று அப்போது பெரிய சண்டை. கோட்டைத் தொடுவதில் தலையும் கையும் காலும் கணக்கில்லை, மார்பும் வயிறும் சேர்ந்த நடு உடம்புதான் கணக்கு. எனவே எப்படி வந்து விழுந்தாலும் செல்லும்.

சரி, டோக்கியோ. சிட்னி மெக்லாஃப்லின்-லெவ்ரோன் 47.78, டொமினிக்கன் குடியரசின் மரிலெய்டி பவுலினோ 47.98, பஹ்ரைனின் சல்வா ஈத் நாசர் 48.19. அதற்கு முன் 48 நொடிக்குள் ஓடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: கோஹ், அப்புறம் 1983 ஹெல்சின்கியில் 47.99 ஓடிய செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவா. ஒரே ஓட்டத்தில் இன்னும் இருவர் சேர்ந்துவிட்டார்கள். பவுலினோவை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. 40 வருடத்தில் வேறு எந்த ஒலிம்பிக், உலகப் போட்டி இறுதி ஓட்டத்தில் ஓடியிருந்தாலும் 47.98க்குத் தங்கம்தான்.

மெக்லாஃப்லின் தடை தாண்டும் ஓட்டத்திலிருந்து வந்தவர். 2024 பாரிஸில் பத்துத் தடைகளைத் தாண்டியே 50.37இல் ஓடியவர். தடை ஓட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு களைத்தாலும் இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு என்ற கணக்கை விடக் கூடாது. விட்டால் தடையில் போய் இடிக்க வேண்டியதுதான். கடைசி எண்பது மீட்டரில் தோள் காதை நோக்கி ஏறாமல், முட்டி தாழாமல் அவர் வந்தது இந்தப் பழக்கத்தால்தான் என்பது என் ஊகம். மறுபடி பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு எல்லோருடைய முட்டியையும் பாருங்கள். வேகம் குறைவது அங்கே தெரியும்.

அந்த டோக்கியோ மைதானத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் முதன்முதலில் வைக்கப்பட்டது 1964இல், இதே டோக்கியோவில். இப்போதைய தேசிய மைதானம் பழையது இருந்த அதே இடத்தில் கட்டப்பட்டது. அன்று ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் 52.0இல் வென்றார். எட்டு வருடம் முன்பு மெல்போர்னில் 100, 200 இரண்டிலும் தங்கம் வாங்கியவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக. கிழக்கு ஜெர்மனியில் அரசே ஊக்கமருந்து கொடுத்தது ஆவணங்களோடு வெளிவந்துவிட்டது. ஆனால் கோஹ் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. சந்தேகத்தை மட்டும் வைத்து ஒரு பெயரை அழித்தால், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்ற சிக்கல் வரும். அழிப்பதைவிட அது முறியடிக்கப்படுவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. டோக்கியோவில் 0.18 நொடி பாக்கி. கடைசி நூறின் வேகத்தில் அது ஒன்றேகால், ஒன்றரை மீட்டர்.

உங்கள் மகளிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 250 மீட்டரில், இரண்டாவது வளைவின் நடுவில், அவள் எதைப் பார்த்து ஓடுகிறாள்? வெளித்தடத்தில் முன்னே தெரியும் பெண்ணின் முதுகையா, தன் தடத்தின் வெள்ளைக் கோட்டையா, அல்லது எதுவுமே கண்ணில் படுவதில்லையா? அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.