வாசகர் கேள்வி – பதில்: திரைக்கதையைக் கூடிப் படிப்பது எப்படி?

ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில், திரைக்கதையைக் குழுவாக உட்கார்ந்து திருத்துவது பற்றியவை மட்டும் இந்த இதழில்.

நாங்கள் ஆறு நண்பர்கள். ஆளுக்கொரு திரைக்கதை எழுதுகிறோம், ஞாயிறுதோறும் கூடுகிறோம். "நல்லா இருக்கு மாப்ள" என்பதைத் தாண்டி யாரும் வாய் திறப்பதில்லை. – வாசகர், தொண்டி

கூட்டத்துக்கு வந்த பிறகுதான் முதன்முறையாகக் கதையைக் கேட்கிறார்கள் என்றால், அதற்கு மேல் சொல்ல அவர்களிடம் என்ன இருக்கும்? பக்கங்கள் மூன்று நாள் முன்பே எல்லார் கைக்கும் போய்விட வேண்டும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 பக்கம் போதும். மொத்தத்தையும் கொடுத்தால் படிக்க மாட்டார்கள், படித்ததாகச் சொல்வார்கள்.

ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு ஞாயிறுக்கு இருவருடைய பக்கங்கள், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். அப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும்; இடையில் திருத்தி எழுதவும் நேரம் கிடைக்கும்.

முதல் அரை மணி வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதியவர் படிக்கக் கூடாது, மற்றவர்கள் படிக்கட்டும். வசனத்தில் இல்லாத உணர்ச்சியை அவர் குரல் நிரப்பிவிடும், தாளில் இருக்கும் ஓட்டை காதுக்குத் தெரியாது. அடுத்த நாற்பது நிமிடம் மற்றவர்கள் பேசட்டும், எழுதியவர் குறிப்பெடுக்கட்டும். "அது ஏன்னா, அவங்க அப்பா முன்னாடியே..." என்று அவர் விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் சமாதானமாகிவிடுவார், சீன் அப்படியே கிடக்கும். கடைசி இருபது நிமிடம் அவர் சந்தேகம் கேட்கலாம்.

கூச்ச சுபாவமுள்ள குழுவுக்கு, அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த நாலு படி முறையைச் சிபாரிசு செய்கிறோம். முதலில், மனதில் நின்றது எது என்று எல்லாரும் சொல்வார்கள். பிறகு எழுதியவர் மற்றவர்களிடம் கேள்வி கேட்பார். அடுத்து மற்றவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்வி கேட்பார்கள். கடைசியில், எழுதியவர் சம்மதித்தால் மட்டும் அபிப்பிராயம். மூன்றாம் படிதான் பழகக் கடினம். "அவ ஏன் இவ்வளவு கோழையா இருக்கா?" என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. "படகை விக்கிறதுன்னு அவ எந்த இடத்துல முடிவெடுக்கிறா?" என்பது கேள்வி.

ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? – வாசகி, மண்டபம்

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வைத்தியத்தை விட்டுவிடுங்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு வை என்கிறார் ஒருவர், சண்டை வை என்கிறார் இன்னொருவர், தம்பியைக் கொன்றுவிடு என்கிறார் மூன்றாமவர். மூன்றும் தேவைப்படாமல் போகலாம். ஆனால் மூன்று பேரும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்களே, அங்கே நிச்சயம் ஏதோ சரியில்லை.

குறிப்பு நோட்டில் பக்க எண்ணுக்கு எதிரே, படித்தவருக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள்: சலித்ததா, குழம்பியதா, நம்ப முடியவில்லையா? மூன்றுக்கும் காரணம் வேறு. ஒரே விஷயம் இரண்டு முறை வந்தாலோ, சீன் எப்படி முடியும் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டாலோ சலிக்கும். தகவல் பிந்தி வந்தால் குழம்பும். முனியசாமி, முனியாண்டி என்று ஒரே மாதிரி பெயர் வைத்தாலும் குழம்பும். கதைக்குத் தேவை என்பதற்காக ஒரு பாத்திரம் தன் குணத்தை மீறி நடந்தால் நம்ப முடியாது.

கோளாறு தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கடல்பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்தி, வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை 41-ஆம் சீனில் திருப்பிக் கொடுக்கிறாள், யாருக்கும் மனம் அசையவில்லை என்று வையுங்கள். அந்தச் சீனில் எத்தனை கண்ணீர் சேர்த்தாலும் பயனில்லை. அந்தப் பணத்துக்காக அவள் என்னென்ன பொறுத்துக்கொள்கிறாள் என்று 12-ஆம் சீனில் நாம் பார்த்திருக்க வேண்டும். அங்கே திருத்துங்கள், 41-ஐத் தொடாதீர்கள்.

கூட்டம் முடிந்த அன்றே எழுத உட்காராதீர்கள். இரண்டு நாள் போகட்டும். எரிச்சலில் தள்ளியதும் மரியாதைக்காக ஏற்றதும் அதற்குள் பிரிந்துவிடும்.

முழுவதும் எழுதி முடித்துவிட்டுக் காட்டலாமா? – வாசகர், கீழக்கரை

வேண்டாம். ஒன்லைன் (ஒரே வரியில் கதை), ஒரு பக்கச் சுருக்கம், சீன் ஆர்டர் (சீன்களின் வரிசை), அப்புறம் வசனத்தோடு முதல் பிரதி. இந்த நாலு கட்டத்திலும் குழு பார்க்க வேண்டும். சீன் ஆர்டருக்கு, சீனுக்கு ஒன்றாக அறுபது எழுபது அட்டைகளைத் தரையில் பரப்பிப் பாருங்கள். அட்டையை இடம் மாற்ற ஒரு நொடி ஆகும். வசனம் எழுதிவிட்டால் அதன் மேல் பாசம் வந்துவிடும், வெட்டச் சொன்னால் சண்டை வரும். சீன் ஆர்டரைப் பார்க்கும் நாளில் யாராவது வசனம் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

கதை கடல் தொழில் பற்றியது. தொழில் பார்க்கும் அண்ணன்மார்களைத் திரைக்கதைக் கூட்டத்தில் உட்கார வைக்கலாமா? – வாசகர், பாம்பன்

கட்டாயம் வையுங்கள், ஆனால் தனி நாளில், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து. தாளைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் உங்கள் மனம் நோகாமல் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சீனைப் பாதிவரை சொல்லி நிறுத்தி, "இந்த இடத்துல நீங்க என்னண்ணே செய்வீங்க?" என்று கேளுங்கள்.

சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது தவறுகிற விஷயங்கள் இங்கேதான் பிடிபடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் விசைப்படகுக்கு, நாட்டுப்படகு போகும். தடை இல்லாத மாதங்களிலும் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகத் திங்கள், புதன், சனி என்று நாள் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கும்போது இது தலைகீழ். ஆடி மாதம் மன்னார் வளைகுடாவில் கண்ணாடி போன்ற கடலில் காதலர்களைப் படகில் அனுப்பினால் இந்தக் கரை சிரிக்கும். இந்த உண்மைகள் கதைக்கு முட்டுக்கட்டை என்று நினைக்காதீர்கள். கடன்காரன் வரும் நாளும் கடலுக்குப் போக முடியாத நாளும் ஒன்றாக விழுந்தால் அதுவே ஒரு சீன்.

திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம் என்கிறார்களே, சரியா? – வாசகர், சாயல்குடி

ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த பக்கத்துக்குச் சொன்ன உத்தேசக் கணக்கு அது. தமிழ் எழுத்து பிடிக்கும் இடம் வேறு. வாய்விட்டுப் படிக்கும்போது கைபேசியில் நேரத்தை ஓடவிடுங்கள். செயல் விவரிப்பைத் தனியாகக் கணக்கிடுங்கள்: "வலையை இழுக்கிறார்கள்" என்பது தாளில் ஒரு வரி, திரையில் இரண்டு நிமிடம் ஆகலாம்.

குழுவில் சொன்னால் கதை களவு போகாதா? – வாசகர், ஏர்வாடி

வாயால் சொன்ன கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுத்து வடிவத்துக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1978-இல் நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆகவே எழுதிவிட்டுப் பேசுங்கள், பக்கங்களைத் தேதி பதிவாகும்படி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை என்றாலும், வழக்கு என்று வந்தால் உதவும். கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னதாலேயே ஒருவர் இணை ஆசிரியர் ஆகிவிட மாட்டார். அவரே உட்கார்ந்து சீன்களை எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறும். யார் எந்தச் சீனை எழுதினார், பெயர் எப்படிப் போடப்படும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.