காரில் ரைஃபிள் வைத்துக்கொள்ளலாமா? டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. எச்-1பி வேலை விசாவில் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. மனைவிக்கு எச்-4 துணைவர் விசா, ஒரு சின்னக் குழந்தை. கூட வேலை செய்பவர் தன் பிக்கப் டிரக்கில் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருக்கிறார். "டெக்சாஸில் இதற்கு லைசென்ஸே வேண்டாம், ராத்திரி ஹைவேயில் தனியாகப் போகிறாயே, நீயும் ஒன்று வாங்கிப் போடு" என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவர் சொன்னது அவர் வரைக்கும் சரிதான். டெக்சாஸ் மாநிலச் சட்டம் வண்டியில் ரைஃபிள் வைக்கத் தனி உரிமம் கேட்பதில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்களுக்குப் பிஸ்டலுக்கும் உரிமம் கட்டாயமில்லை. ஆனால் உங்களைப் பிடிப்பது மாநிலச் சட்டம் இல்லை, ஃபெடரல் சட்டம். குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூடாது என்று 1998-இலிருந்து தடை இருக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். வரி கட்டுகிறோம், வீடு வாங்கியிருக்கிறோம், ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கான உச்ச தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள்.

சிறையைவிடப் பெரிய அடி அதன்பின் வரும். குடியேற்றச் சட்டம் இந்தக் குற்றத்தை 'அக்ரவேட்டட் ஃபெலனி' (மிகக் கடுமையான குற்றம்) வகையில் வைத்திருக்கிறது. அந்த முத்திரை விழுந்தால் நாடுகடத்தலைத் தடுக்கும் வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும். பத்து வருஷம் வரிசையில் நின்ற கிரீன் கார்டும் அதோடு போச்சு.

கைவசம் என்றால் சொந்தமாக வைத்திருப்பது மட்டும்தான் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைப் பத்து நிமிஷம் கையில் பிடித்தாலும் கைவசம்தான். எஃப்-1 விசாவில் ஃபுளோரிடாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கல்லூரி நீக்கிவிட்டது. அதனால் விசா அந்தஸ்து போன பிறகு அவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-இல் 'ரெஹைஃப்' தீர்ப்பாக வந்தது. தனக்கு அந்தஸ்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது அவருக்கு உதவியது. உங்களுக்கு உதவாது, உங்கள் விசா என்னவென்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆபீஸ் டீம் ரேஞ்சுக்குப் போனால் கூடப் போங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், கையில் வாங்காதீர்கள்.

நண்பருடைய டிரக்கும் அப்படித்தான். அவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போவது ஒன்று. "கொஞ்சம் சாமான் ஏற்றணும், சாவி கொடு" என்று அதே டிரக்கை வாங்கி, பின்னால் ரைஃபிள் இருப்பது தெரிந்தே ஓட்டிப்போவது வேறு. உள்ளே இருப்பது தெரியும், எடுக்கவும் முடியும் என்ற இரண்டும் சேர்ந்தால் கைவசம் என்று வாதாட அது போதும். வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு வந்து மற்றவர் இன்னும் எச்-1பியில் இருந்தாலும் இதே சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ஆனால் சாவியோ பூட்டின் எண்ணோ மற்றவரிடம் இருக்கக் கூடாது, துப்பாக்கி கிடக்கும் காரை அவர் எடுத்துப் போகவும் கூடாது.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். பொய்யில்லை. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடைக்கு விலக்கு உண்டு. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் அதற்கென்றே கேள்வி இருக்கிறது. ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) எண்ணும் எழுத வேண்டும். ஆனால் டெக்சாஸ் வேட்டை உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதுப்பிக்காமல் இருந்தால், முந்தின நாள் வரை சட்டப்படி இருந்த அதே துப்பாக்கி ஃபெடரல் குற்றமாகிவிடும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். மான் வேட்டையில் நிஜமாகவே ஆசை உள்ளவர்கள் இந்த வழியில் போகலாம். காரில் போட்டுவைக்க ஒரு சாக்காக இந்த லைசென்ஸை எடுப்பது புத்திசாலித்தனமில்லை என்பது என் கருத்து. ஒரு தேதியை மறந்தால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

சரி, நாளைக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தடை நீங்கும், வாங்கலாம். ஆனால் கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி தொடர்பான எந்தச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றாலும் நாடுகடத்தக் காரணம் உண்டு. சின்னத் தண்டனைதானே என்ற பேச்சுக்கு இடமில்லை. குடியுரிமை உள்ளவருக்கு அபராதத்தோடு முடிவது நமக்கு அப்படி முடியாது. கஞ்சா சட்டப்படி விற்கும் மாநிலத்தில் இருந்தாலும் அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைப்பது ஃபெடரல் சட்டத்தில் குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, காருக்குள் ரைஃபிள் நிஜமாகவே உதவுமா என்று பார்ப்போம். 16 அங்குலக் குழல் கொண்ட சாதாரண ஏஆர்-15, பின்கட்டையை முழுக்கச் சுருக்கினாலும் 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். உங்கள் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். சீட் பெல்ட் போட்டபடி, பின்னால் இருப்பதை எடுத்து, ஸ்டியரிங்கிலும் கதவுத் தூணிலும் இடிக்காமல் ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். கட்டைக் குச்சியை வைத்து முயன்றாலே புரியும். கார் பறிப்பவன் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்பான். குழல் முனையை அவன் பிடித்துவிடும் தூரம் அது. நேரமும் சில நொடிதான்.

ஏஆர்-15-இல் போடும் 5.56 தோட்டா வெடிக்கும் சத்தம் 160 டெசிபலுக்கு மேல். கண்ணாடி மூடிய கேபினில் அது எதிரொலித்து இன்னும் மோசமாகும். காது பாதுகாப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் செவித்திறன் நிரந்தரமாகப் போகலாம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் அதன் காதும் சேர்த்துத்தான். முன்கண்ணாடி சாய்வாக இருப்பதால் உள்ளிருந்து சுடும் முதல் தோட்டா குறியைவிட மேலே விலகும், உடைந்து சிதறவும் செய்யும். விலகியது எங்கே போகும்? ஹைவேயில் எதிரே நூறு வண்டி வருகிறது.

போலீஸ் வண்டியில் ரைஃபிள் இருக்கிறதே என்பார்கள். அவர்கள் வண்டியை விட்டு இறங்கி, தூரத்தில் இருப்பவனை எதிர்கொள்ள அதை எடுக்கிறார்கள். அதுவும் பூட்டிய ரேக்கில், பெரும்பாலும் சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறை) காலியாகத்தான் இருக்கும். ஏஆர்-15-இன் ஃபயரிங் பின்னுக்கு, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசிக்கு, ஸ்பிரிங் கிடையாது. சேம்பரை மூடும் போல்ட் அடைக்கும்போது அது முன்னே வந்து பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள தீப்பொறி மூடி) மெல்லத் தட்டும். ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் பிரைமரில் குழி விழும், தோட்டா முனை உறைக்குள் தள்ளப்படும். ஓடும் வண்டியில் சேம்பரில் தோட்டாவோடு ரைஃபிளைத் தளர்வாகப் போட்டுவைப்பது எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளாத வேலை.

வெயிலும் உண்டு. டாலஸில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும் நாளில், மூடிய காரின் உள்காற்று ஒரு மணி நேரத்தில் 45 செல்சியஸைத் தாண்டும், டேஷ்போர்டு 65-70-ஐத் தொடும். தோட்டா தானாக வெடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கோடை கோடையாக அங்கேயே கிடந்தால் வெடிமருந்தின் தரம் குறையும், எண்ணெய் வடிந்து காயும், ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கருவியின் பேட்டரி சாகும். ஹூஸ்டன் பக்கமென்றால் ஈரப்பதம் துருவையும் கொண்டுவரும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது திருட்டு. பூட்டிய கார் என்பது கண்ணாடியால் ஆன பெட்டி. உடைத்து எடுக்க அரை நிமிஷம் போதும். துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி! 2015 ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ கப்பல்துறையில் நடந்துபோன ஒரு பெண்ணைப் பலிகொண்ட துப்பாக்கி, சில நாள் முன்பு ஒரு ஃபெடரல் ரேஞ்சரின் காரிலிருந்து திருடு போனது. பயிற்சி பெற்ற அதிகாரிக்கே அந்தக் கதி. ஓட்டல் பார்க்கிங், கோயில் பார்க்கிங், அபார்ட்மென்ட் பார்க்கிங் என்று இரவெல்லாம் கார் நிற்கும் வாழ்க்கை நம்முடையது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைத்தால் டெக்சாஸிலும் குற்றம்தான்.

ஆகவே கிரீன் கார்டுக்குப் பின்னும் ரைஃபிளை வண்டியில் கொண்டுபோகலாம், வண்டியில் குடிவைக்கக் கூடாது. ரேஞ்சுக்கோ வேட்டைக்கோ போகும்போது முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்றுங்கள். போல்டைப் பின்னிழுத்து நிறுத்திச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் தடவிப் பாருங்கள். மேகசின் கழன்றதாலேயே துப்பாக்கி காலியாகிவிடாது, சேம்பரில் ஒன்று தங்கியிருக்கும். விபத்துகள் பலவற்றின் கதை இதுதான். பிறகு சேம்பர் ஃபிளாக் (சேம்பர் காலி என்று காட்டும் பிளாஸ்டிக் துண்டு) செருகி, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டி, டிக்கியில் வையுங்கள். தோட்டா தனிப் பெட்டியில். எஸ்யுவியில் தனி டிக்கி இல்லை, அதனால் பெட்டிக்குப் பூட்டு அவசியம். கிளவ் பாக்ஸும் நடுக் கன்சோலும் கணக்கில் சேராது. சீரியல் நம்பரை எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வீட்டுப் பெட்டகத்துக்குள் போய்விட வேண்டும்.

இந்தப் பூட்டிய பெட்டி வழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் உதவும். பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கி கொண்டுபோவது ஃபெடரல் குற்றம். தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் விலக்கு உண்டு. ஃப்ரிஸ்கோவில் ஸ்கூல் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? உரிமம் வேண்டாம் என்று மாநிலம் சொன்னதை நம்பிச் சுடத் தயாராக ஓட்டுகிறவர்கள் தினமும் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள், தெரியாமலே. இந்த விதியிலிருந்து தப்ப டெக்சாஸின் உரிமம் எடுக்கலாம், கட்டணம் 40 டாலர். ஆனால் அது பிஸ்டலுக்கானது, ரைஃபிளையும் அது காப்பாற்றும் என்று நம்பி ஓட்டாதீர்கள். தபால் நிலைய வளாகத்துக்குள்ளும் எடுத்துப் போக வேண்டாம், அதன் பார்க்கிங்கும் அந்த விதிக்குள்தான்.

மாநில எல்லை தாண்டினால் சட்டம் மாறும். பென்சில்வேனியா, நியூயார்க், வாஷிங்டன் மாநிலங்களில் தோட்டா ஏற்றிய ரைஃபிள் வண்டியில் இருப்பதே குற்றம். இதில் பாதி பழைய வேட்டைச் சட்டங்களிலிருந்து வந்தது. பிஸ்டல் உரிமம் உள்ளவர்கூட ரைஃபிளில் மாட்டுவார். கலிஃபோர்னியாவில் ஏஆர்-15 வகைகளில் பலவற்றுக்குத் தடையே உண்டு. 1986-ஆம் வருடத்து ஃபெடரல் சட்டம் ஒன்று, கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நடுவிலுள்ள மாநிலங்களைத் தாண்டிப் போக அனுமதிக்கிறது. தோட்டா இல்லாமல், ஓட்டுநர் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு நயாகரா வழியாகக் காரிலேயே போவது. கனடா எல்லையில் அறிவிக்காத துப்பாக்கி கிடைத்தால் பறிமுதலும் கைதும்தான். மெக்சிகோ இன்னும் கடுமை. 2014-இல் டிரக்கில் மூன்று துப்பாக்கிகளோடு தவறுதலாகத் தியுவானா எல்லையைத் தாண்டியதாகச் சொன்ன ஒரு முன்னாள் அமெரிக்க மெரின் வீரர் ஏழு மாதம் அங்கே சிறையில் இருந்தார். ரேஞ்சுக்குப் போன பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வழக்கு வரும்.

ராத்திரிப் பயணம் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அதற்கு விசா கேட்காத வழிகள் இருக்கின்றன. சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடுவது தெரியும்படி இடைவெளி விடுங்கள். வளைத்துத் தப்பிக்க அந்த இடம் போதும். இஞ்சினை ஓடவிட்டு இறங்காதீர்கள், பெட்ரோல் போடும்போதும் கதவைப் பூட்டுங்கள். யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாமல் ஆட்கள் இருக்கும் பெட்ரோல் பங்கிலோ காவல் நிலையத்திலோ நிறுத்தி 911 அழையுங்கள். பின்னாலிருந்து லேசாக இடித்துவிட்டு இறங்கச் சொன்னால், ஜன்னலைத் திறக்காமல், ஹசார்டு விளக்கைப் போட்டு, வெளிச்சமான இடம் வரை மெல்ல ஓட்டிக்கொண்டே 911-இல் அதைச் சொல்லிவிடுங்கள். காரைக் கேட்டு ஆயுதம் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுங்கள், இன்ஷூரன்ஸ் இருக்கிறது. குழந்தை பின்சீட்டில் இருந்தால் "குழந்தை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே முதலில் பின்கதவைத் திறங்கள். கார் சீட்டின் பக்கிளை ஒரே கையால் கழற்ற இருவரும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.