வெளிநாட்டுக் காமெடி பார்த்தால் ஏன் சிரிப்பு வரவில்லை? எதிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: ஆங்கிலம் நன்றாகப் புரிகிறது, ஆனாலும் எல்லோரும் புகழும் காமெடித் தொடர்களைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை, ஏன்?

எனக்கும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தது. 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரில், ஹோட்டல் நடத்தும் ஒருவர் வழியில் நின்றுவிட்ட தன் காரை மரக்கிளையால் விளாசுவார். புகழ்பெற்ற காட்சி என்று அதை மட்டும் தனியாகப் பார்த்தேன். உயரமான ஒரு ஆள் காரை அடிக்கிறார், அவ்வளவுதான் தெரிந்தது.

அப்புறம் தொடரை முதலிலிருந்து பார்த்தேன். அந்த ஆள் பேசில் ஃபால்டிக்கு மேல்தட்டு மனிதர்கள் மீது தீராத மோகம். முதல் அத்தியாயத்திலேயே பிரபு வேஷத்தில் வந்த மோசடிக்காரனிடம் குழைகிறார், சாதாரண விருந்தாளிகளிடம் எரிந்து விழுகிறார். கார் காட்சி வருவது ஐந்தாவது அத்தியாயத்தில். பெரிய மனிதர்களை வரவழைக்க அவர் ஒரு விருந்து வைக்கிறார். சமையல்காரர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். வேறு உணவகத்திலிருந்து வாத்து எடுத்துவர ஓடுகிறார், கார் நின்றுவிடுகிறது. மூன்று வரை எண்ணி அந்தக் காருக்கு எச்சரிக்கை வேறு கொடுக்கிறார்! ஏங்கி ஏங்கிக் காத்திருந்த மரியாதை கைநழுவுகிறது என்று தெரிந்து பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடவே பாவமாகவும் இருந்தது.

அதனால் நான் சொல்வது, ஆளைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத் துணுக்குகளை விட்டுவிடுங்கள். இந்தத் தொடர் மொத்தமே 12 அத்தியாயம்தான், 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதி நடித்தார்கள்.

அவ்வளவு நேரம் இல்லையா? சரி, 'டின்னர் ஃபார் ஒன்' என்ற குட்டி நாடகத்தைப் பாருங்கள். சுமார் 18 நிமிடம். மிஸ் சோஃபிக்கு 90-வது பிறந்தநாள். அவருடைய நண்பர்கள் நால்வரும் எப்போதோ இறந்துவிட்டார்கள், ஆனாலும் மேசையில் அவர்களுக்கு இடம் உண்டு. வயதான பணியாள் ஜேம்ஸ் ஒவ்வொருவர் கோப்பையையும் நிரப்பி, அவர்களுக்குப் பதிலாகத் தானே குடிக்கிறார். இப்படி நான்கு சுற்று. தரையில் விரித்த புலித்தோலின் தலையில் போகும்போதும் வரும்போதும் தடுக்குகிறார். ஒரு முறை மட்டும் தடுக்காமல் தாண்டிவிட்டு, அவரே திகைத்துப் போவார். அதற்குள் நாம் ஜேம்ஸைப் பழகியிருப்பதால்தான் அந்தத் திகைப்பு அவ்வளவு சிரிப்பைத் தருகிறது. ஆங்கிலத்தில் நடித்த இதை 1963-ல் பதிவு செய்தது ஜெர்மனியின் என்டிஆர் தொலைக்காட்சி. மொழிமாற்றம் செய்யாமலே அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று ஒளிபரப்புகிறார்கள்.

பேச்சில்லாத படங்களில் பஸ்டர் கீட்டனிடமிருந்து தொடங்கலாம். 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது. ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் தப்பிக்கிறார். சாய்ந்தது நிஜச் சுவர். பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'பிளேடைம்' (1967) இதற்கு நேர் எதிர். முகத்தை நெருக்கமாகக் காட்டும் அண்மைக் காட்சிகளே (குளோசப்) கிடையாது, எங்கே பார்ப்பது என்று நாம்தான் தேட வேண்டும். அதைக் கைபேசியில் மட்டும் பார்க்காதீர்கள், பெரிய திரைக்காக 70 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம்.

இன்னொரு விஷயம், திரையின் கீழே வரும் வசனவரி (சப்டைட்டில்). நடிகர் சொல்லி முடிப்பதற்குள் கண் கடைசி வார்த்தைக்குப் போய்விடுகிறது, சிரிப்பு அங்கேயே செத்துவிடுகிறது. மொழி புரிகிறவர் என்பதால் அதை அணைத்துவிடுங்கள். நாலு வார்த்தை தப்பினாலும் பரவாயில்லை.

பின்னணியில் வரும் பதிவுச் சிரிப்பு எரிச்சலூட்டினால் அதுவும் நியாயமே. கொரியப் போரில் ஒரு அமெரிக்க ராணுவ மருத்துவமனையைக் காட்டும் 'மாஷ்' (1972–1983) தொடரை உருவாக்கியவர்களுக்கே அது பிடிக்கவில்லை, ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சிதான் வேண்டும் என்றது. அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பைச் சேர்க்காமல் விட்டார்கள். பிரிட்டனில் பிபிசி அந்தச் சிரிப்பை நீக்கியே ஒளிபரப்பியது. சிரிப்பொலி இல்லாத பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்க, தூக்கமில்லாத டாக்டர்கள் எதற்காக இப்படி விடாமல் ஜோக் அடிக்கிறார்கள் என்பது அதில்தான் காதில் விழும்.