காரோடு வரும் மேப், சொன்னதைக் கேட்காத குரல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோவையில் கார் ஆடியோ, டச் ஸ்க்ரீன் வேலை பார்ப்பவன் நான். கம்பெனியே பொருத்தித் தரும் நேவிகேஷன், குரல் கட்டளை பற்றிக் கேளுங்கள் என்றேன், கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துவிட்டேன். என்ன வண்டி என்று எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன், எல்லா வண்டிக்காரருக்கும் புலம்பல் ஒன்றுதான்.

அண்ணா, நேவிகேஷனுக்காகவே டாப் மாடல் எடுத்தேன். சென்னையில் மதுரை பஸ் பிடிக்க வேண்டியவரை இறக்கிவிட வெளியூர் பஸ் ஸ்டாண்ட் என்று போட்டால் கோயம்பேட்டுக்கே கூட்டிப் போகிறது. புது வண்டியில் எப்படிப் பழைய மேப்?

மதுரைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு இப்போது கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். அதைத் திறந்தது 2023 டிசம்பர் 30. உங்கள் வண்டி அதற்குப் பிறகு வந்திருந்தாலும் உள்ளே இருக்கும் மேப்பும் அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டியதில்லை தம்பி. மேப் தயாரிக்கும் நிறுவனம் ஒரு பதிப்பைக் கொடுக்கும், கார் கம்பெனி அதைத் தன் சாஃப்ட்வேரோடு ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்லி, அதையே தொழிற்சாலையில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் வண்டி யார்டில் நிற்கும், ஷோரூமில் நிற்கும். சாவி உங்கள் கைக்கு வரும்போதே மேப்புக்கு வயதாகிவிட்டிருக்கும்.

செட்டிங்ஸில் மேப் பதிப்பு என்று ஒரு இடம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சிம் உள்ள வண்டி என்றால் தானாகவே இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். சர்வீஸ் சென்டரில் காசு கேட்டால் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "இது எந்த மாதத்து மேப்?" பதில் வரவில்லை என்றால் பர்ஸை உள்ளே வையுங்கள், போனை மாட்டி, போன் மேப்பைக் கார் ஸ்க்ரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளேயில் ஓட்டுங்கள். ஊர் மாறியதைத் தெரிந்துகொள்வதில் காரின் மேப் போனை ஜெயிக்கவே முடியாது.

பாலத்து மேல் போகிறேன், கீழே சர்வீஸ் ரோட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது. கத்திப்பாராவில் மானம் போகிறது.

தரையில் எந்த இடம் என்று ஜிபிஎஸ்ஸுக்கு ஓரளவு தெரியும், உயரம் மட்டும் தகராறு. செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேதான், பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பது நமக்குத் தெரியாது, அதனால் உயரக் கணக்கில் பிழை கூடுதல். கிடைத்த புள்ளிக்கு எந்தச் சாலை பக்கத்தில் இருக்கிறதோ அதில் உங்களை ஒட்டிவிடும். பாலமும் சர்வீஸ் ரோடும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் அது ஊகம்தான். கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில் இந்தியாவில் 40 நகரங்களுக்கு, பாலத்தில் ஏறணுமா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவும் ஏறும் முன் சொல்வதுதான். ஏறிய பிறகு குழம்பினால் பலகையைப் பாருங்கள், பெண் குரலைக் கேட்காதீர்கள்.

சார், திருச்சூர் போகும்போது குதிரான் சுரங்கத்தில் போன் மேப் உறைந்து நிற்கிறது, காரின் மேப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. காருக்கு மட்டும் உள்ளே சிக்னல் வருமா?

வராது சார். ஆனால் நல்ல கேள்வி, எல்லோரும் திட்டும் காரின் மேப்புக்கு இங்கேதான் மரியாதை. சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று ஏபிஎஸ் சென்சார் சொல்லும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கைரோ சொல்லும். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும், வெளியே வந்ததும் செயற்கைக்கோளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஹோண்டா 1981-இல் ஜப்பானில் விற்ற முதல் நேவிகேஷன் செயற்கைக்கோளே இல்லாமல் இந்த முறையில்தான் ஓடியது, மேப் ஃபிலிம் ஷீட்டில் இருக்கும். இப்போது பல வண்டிகளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே மாட்டினால் காரின் இந்தத் தகவல் போனுக்கும் போகும். அதனால் போனை ஹோல்டரில் சும்மா வைத்து ஓட்டுவதைவிட ஸ்க்ரீனில் இணைத்து ஓட்டுவது நல்லது.

திடீரென்று என் கார் வயலில் ஓடுவதாகக் காட்டுகிறது. சர்வீஸில் யூனிட்டையே மாற்றணும் என்கிறார்கள். தொகை கேட்டுத் தலை சுற்றுகிறது. வண்டியில் வேறு எதுவும் மாற்றவில்லை, டேஷ்கேம் மட்டும் போட்டேன்.

அந்த "மட்டும்" தான் அக்கா விஷயம். ஜிபிஎஸ் வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில், அதுவும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலிருந்து, மிக மெல்லியதாக. மலிவான டேஷ்கேமும் (ரோட்டைப் படம் பிடிக்கும் கேமரா) அதன் சார்ஜரும் அந்த அலைவரிசைக்குப் பக்கத்திலேயே இரைச்சல் கிளப்பும். கடைக்கு வரும் இந்த மாதிரி வண்டிகளில் நான் முதலில் செய்வது டேஷ்கேம் ஒயரைப் பிடுங்குவது. பிடுங்கிவிட்டு வெட்டவெளியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். அம்புக்குறி ரோட்டுக்கு வந்துவிட்டால் யூனிட் நன்றாக இருக்கிறது, கேமராவை ஆன்டெனாவிலிருந்து தள்ளி மாட்டுங்கள், அல்லது நல்லதாக மாற்றுங்கள். கண்ணாடியில் உலோகம் கலந்த வெயில் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே கதை நடக்கும்.

"ஏசியை 24-ல் வை" என்று இங்கிலீஷில் சொன்னால் யாரோ ஏசி மெக்கானிக்குக்குப் போன் போடுகிறது! குரல் கட்டளையே ஏமாற்று வேலையா?

சிரிக்காமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஸ்டியரிங்கில் இருக்கும் பேச்சு பட்டனுக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் லேசாக அழுத்தினால் காரின் சொந்த ஆள், அழுத்திப் பிடித்தால் போனின் அசிஸ்டென்ட். போன் ஆளுக்கு உங்கள் ஏசி தெரியாது, அவரிடம் ஏசி என்றால் தொடர்பு எண்களில்தான் தேடுவார். ஏசி, ஜன்னல், சன்ரூஃப் எல்லாம் கார் ஆளிடம், ஊர் பேர், பாட்டு, போன் எல்லாம் போன் ஆளிடம். இதை மட்டும் பிரித்துக்கொண்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

மீதிப் பாதி சத்தம். மைக் இருப்பது பெரும்பாலும் வண்டிக்குள்ளே, முன் சீட்டுக்கு மேலே இருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் கூரையில், சின்ன ஓட்டை மாதிரி தெரியும். ஏசி ஃபேன் முழு வேகத்தில், காற்று கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்திருந்தால் அதன் காதில் புயல்தான் கேட்கும். பட்டன் அழுத்தியதும் "டிங்" என்று வரும், அதற்கு முன்பே பேசினால் முதல் வார்த்தை விழுந்துவிடும். ஆங்கிலக் கட்டளையை மேனுவலில் உள்ளபடியே சொல்லுங்கள், பின்னால் குழந்தைகள் "சன்ரூஃப் திற" என்று கத்தாமல் இருந்தால் புண்ணியம்.

போன் பெயர்களில் "அம்மா புது நம்பர்", "அம்மா ஜியோ", "அம்மா" என்று மூன்று இருந்தால் அதுவும் திணறும். ஒருவருக்கு ஒரே பெயர், அதன் கீழ் எத்தனை எண் வேண்டுமானாலும்.

80 தாண்டினால் நேவிகேஷன் டிக் டிக் என்று எச்சரிக்கிறது. எந்த மெனுவில் நிறுத்துவது?

அது நேவிகேஷன் இல்லை, சட்டம். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் 80-க்கு மேல் விட்டு விட்டு, 120-க்கு மேல் விடாமல் ஒலிக்க வேண்டும். மெனு கிடையாது. ஒயரை வெட்டித் தரச் சொல்லி என்னிடம் வர வேண்டாம்.

ஊட்டியிலிருந்து மைசூருக்கு ராத்திரி கிளம்பலாம் என்று கார் மேப் சொல்கிறது, நேரமும் காட்டுகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், கேட்டில் நிற்க வைத்துவிடுவார்கள். அதைவிட மோசம், தூரம் குறைவு என்று கல்லட்டி வழியைக் காட்டுவது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த 36 கொண்டை ஊசி வளைவில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போகணும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு இருக்கிறது. காரின் மேப்பில் சாலையின் நீளம் இருக்கும், வனத்துறையின் நேரம் இருக்காது. செட்டிங்ஸில் "குறுகிய வழி" என்று வைத்திருந்தால் முதலில் "விரைவான வழி"க்கு மாற்றுங்கள், மலைக்குப் போகும்போது குறுகியது எப்போதும் வம்பு.

அமெரிக்காவில் இருக்கிறேன். 2022 ஜனவரியில் என் பழைய காரின் கடிகாரம் 2002-க்குப் போய்விட்டது. அது என்ன மாயம்?

ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் எண்ணுக்கு 10 பிட்தான் இடம், அதாவது 1024 வாரம், இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது நிரம்பினால் மறுபடி பூஜ்யம், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று கருவிதான் கணக்கு வைத்துக்கொள்ளணும். அந்தக் கணக்கு தவறினால் வண்டி அவ்வளவு வருடம் பின்னால் போய்விடும். ஹோண்டாவிலும் அதன் இன்னொரு பிராண்டான அக்யூராவிலும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த மாதம் இது நடந்தது.

காரை விற்கப் போகிறேன். நேவிகேஷனில் என்ன செய்யணும்?

ஆர்.சி. மாற்றுவதற்கு முன்பே ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். உள்ளே உங்கள் போன் புத்தகம் முழுக்க இருக்கும், "வீடு" என்று சேமித்த இடம் இருக்கும், போன இடங்கள் வரிசையாக இருக்கும். சிம் உள்ள வண்டி என்றால் கார் கம்பெனி ஆப்பில் உங்கள் பெயரிலிருந்து வண்டியை நீக்குங்கள், இல்லையென்றால் வாங்கியவர் எங்கே போகிறார் என்று உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். பழைய வண்டி வாங்குபவர்களும் இதை விற்பவரிடம் கேட்டு, எதிரிலேயே நீக்கச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.