சாலிக் சட்டமும் ராஜமாதாக்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண் அரியணை ஏறக்கூடாது என்று சாலிக் சட்டத்தைக் காட்டி மறுத்த நாடு பிரான்ஸ். அங்கேயே கத்தரீன், மரி, ஆன் என 3 ராஜமாதாக்கள் 100 ஆண்டுக்குள் ஆட்சி நடத்தியிருக்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முரண்பாடே இல்லை. அந்தச் சட்டம்தான் அவர்களுக்கு வழிவிட்டது. அரசன் சிறுவன் என்றால் அவன் பெயரில் ஆள ஒரு ரீஜண்ட் வேண்டும். சித்தப்பாவிடம் கொடுத்தால், பையன் இறந்தால் அரியணை அவர் பக்கம் போகலாம். தாய்க்கு அந்த உரிமையே கிடையாது. மகன் உயிரோடு இருந்தால்தான் அவருக்கும் அதிகாரம்.

ஆனாலும் பதவி சும்மா கிடைக்கவில்லை. 13-ஆம் லூயிக்கு மனைவி ஆன் மீது நம்பிக்கை இல்லை. ஆன், ஸ்பெயின் மன்னரின் அக்கா. அப்போது ஸ்பெயினோடுதான் போர். எனவே 1643 ஏப்ரலில், சாகக் கிடந்த லூயி ஒரு பிரகடனம் வெளியிட்டார்: ஆன் ரீஜண்ட்தான், ஆனால் முக்கிய முடிவுகளை ஒரு குழு பெரும்பான்மை வாக்கில் எடுக்கும். அதைப் பாரிஸ் பார்லமானில் பதிவும் செய்யவைத்தார். (பெயரைப் பார்த்து நாடாளுமன்றம் என நினைக்க வேண்டாம், அது உயர் நீதிமன்றம்.)

மே 14 அன்று அவர் இறந்தார். மே 18 அன்று, 5 வயதுகூட நிறையாத புது அரசன் 14-ஆம் லூயியைத் தூக்கி வந்து பார்லமானில் உட்காரவைத்தார்கள். சித்தப்பா காஸ்தோனும் இளவரசர் கோந்தேயும் ஆனுக்கு முழு அதிகாரம் தரச் சம்மதித்தார்கள். நிபந்தனைகள் ரத்து என அறிவித்த சான்சலர் (நீதித்துறைத் தலைவர்) செகியேயும், இந்த இருவரும், அந்தக் குழுவின் உறுப்பினர்கள்தான்! அன்று மாலையே மசரானைத் தலைமை அமைச்சராக்கினார் ஆன்.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. செத்த அரசரின் ஆணையையே ரத்து செய்த நீதிபதிகள், 1648-ல் ஆனின் வரி ஆணைகளையும் எதிர்த்தார்கள். அவர்களில் புருசேலைக் கைது செய்ததும் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. ஃப்ரோந்து எனப்படும் அரசு எதிர்ப்புக் கலகம் மூண்டது.

'இது அரசன் ஆணையல்ல, அம்மாவின் ஆணை' என்று எவரும் சொல்லிவிடலாம் என்பதே ரீஜண்ட் ஆட்சியின் பலவீனம். அதனால்தான் மகன் உரிய வயதை எட்டியதாக அறிவிக்க அவ்வளவு அவசரம். 1374-ஆம் ஆண்டு ஆணை 14 வயது என்கிறது; 13 நிறைந்து 14 தொடங்கினாலே போதும் என்று பொருள் கொண்டார்கள். 14-ஆம் லூயிக்கு 13 நிறைந்தது 1651 செப்டம்பர் 5. அறிவிப்பு செப்டம்பர் 7. அதன் பிறகும் ஆயுதம் எடுத்தவன் அரசனுக்கே துரோகி.

அம்மாக்கள் உடனே ஒதுங்கிவிடவில்லை, மகன் பெயரில் தொடர்ந்தார்கள். 13-ஆம் லூயியின் தாய் மரிக்கு மட்டும் அது 1617 ஏப்ரல் வரைதான்: மகனே அவருடைய அந்தரங்க ஆள் கொன்சினியைக் கொல்லவைத்து, தாயைப் புளுவா கோட்டைக்கு அனுப்பிவிட்டான்.