பிரேக் பேடை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாகர்கோவிலில் ஓடும் உங்கள் காருக்கு 40,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, பணிமனையில் பேடை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிலோமீட்டரை விடுங்கள், தடிமனைப் பாருங்கள். புதிய பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மார்த்தாண்டம் நெரிசலில் தினமும் ஊர்ந்து போகும் காரின் பேடும், காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடும் காரின் பேடும் ஒரே அளவில் தேயாது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையிறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் செலவு இன்னும் சீக்கிரம் வரும்.

சத்தத்தைப் பிரித்தறிவதுதான் முக்கியம். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் இரண்டு நாள் நிறுத்திய காரின் டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும்போது பேட் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டில், லேசாகத் துரு படியும். முதல் சில மிதிகளில் கரகரத்துவிட்டு நின்றுவிட்டால் பயமில்லை. மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் கோளாறு பெரும்பாலும் பேடில் இல்லை. பிரேக் ஆயில் கசிவோ குழாயில் காற்றோ இருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பேடை மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.